சீகை மரத்தை வெட்டு என்பவரும் வெட்டாதே என்பவரும் பசுமை பேசுகிறார்கள். இதில் சூழலியம் எது?

குந்தா மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரசியல் கருத்தியல்கள் தாளில் தாராளவாதம், மார்க்சியம், பெண்ணியம் எல்லாம் முடிந்து கடைசி அலகாகச் சூழலியம் வந்திருக்கிறது. ஆழச் சூழலியல், சமூகச் சூழலியல், சூழல் சோசலிசம், சூழல் பெண்ணியம் என்று நான்கு தலைப்புகள். மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் போன மாதம் எங்கள் ஊரில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த நான்கு தலைப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நீலகிரியில் குந்தா எங்கள் ஊர். ஊருக்கு மேலே மலை முழுக்கச் சீகை. சீகைக்காய் இல்லை, வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம். அதை வெட்டிவிட்டுப் பழைய புல்வெளியை மீட்கப்போவதாகப் பேச்சு. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊட்டியில் இருந்து வந்த ஒரு தம்பி, சோலை என்கிற இந்த மலைக்கே உரிய காட்டின் மர நாற்றுகளை வளர்க்கிறவர், நன்றாகப் பேசினார். சீகை வெளிநாட்டு மரம், முழுக்கப் போக வேண்டும், இந்த மலை வரையாட்டுக்கும் புல்லுக்கும் சொந்தம், அவை இங்கே வாழ நம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றார். அடுத்து, ஊர் எல்லையில் பங்களா வாங்கிக் குடியேறியிருக்கும் ஒரு பெரியவர் எழுந்தார். உலகமே சூடாகிக்கொண்டிருக்கும்போது ஒரு மரத்தைக்கூட வெட்ட விடமாட்டேன், இத்தனை மரமும் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். அவரும் மனசாரத்தான் சொன்னார்.

மூன்றாவதாக என் அம்மா எழுந்தார். தேயிலை பறிக்கப் போகிறவர். கூட்டங்களில் இதுவரை வாயே திறந்ததில்லை. “வெட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அடுத்த சனிக்கிழமை நான் விறகுக்கு எங்க போறது?” அவ்வளவுதான் கேட்டார். கூட்டத்தை நடத்தியவர், “அம்மா, இது சுற்றுச்சூழல் கூட்டம், விறகைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டார். அம்மா உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கேள்வி இதுதான். அந்த மூன்று பேரில் யார் பேசியது சூழலியம்? அம்மா கேட்டதற்கு அந்தக் கருத்தியலுக்குள் இடம் இருக்கிறதா, இல்லையா?

*

ஊட்டி ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. தேர்வுக்கு உதவும்படி முதலில் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரூ டாப்சன் 1990இல் எழுதிய பசுமை அரசியல் நூலில் இரண்டைப் பிரிக்கிறார். ஒன்று சுற்றுச்சூழல்வாதம். நம் வாழ்க்கை முறையையும் உற்பத்தி முறையையும் பெரிதாக மாற்றாமலே, நல்ல நிர்வாகத்தால் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்பது. மற்றது சூழலியம். மனிதர் அல்லாத உலகத்தோடு நமக்குள்ள உறவும், நம் சமூக அரசியல் வாழ்வும் அடியோடு மாறினால்தான் நீடித்து வாழ முடியும் என்பது. முதலாவதை எந்தக் கட்சியும் தன் அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தனிக் கருத்தியல். வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்பது அதன் தூண்களில் ஒன்று. 1972இல் வந்த வளர்ச்சியின் எல்லைகள் அறிக்கைக்குப் பிறகுதான் அது அரசியல் வடிவம் பெற்றது.

அதன்படி பங்களாக்காரர் பேசியது சுற்றுச்சூழல்வாதம். நாற்றுக்காரத் தம்பி பேசியது ஆழச் சூழலியல். நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் 1973இல் ஒரு கட்டுரையில் மேலோட்டமான சூழல் இயக்கம், ஆழமான சூழல் இயக்கம் என்று பிரித்துக் காட்டினார். மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் ஒவ்வொரு உயிருக்கும் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்பது அவர் அடிப்படை. உங்கள் தாயார் எழுப்பியது முக்கியமான கேள்விதான், ஆனால் அது வாழ்வாதாரக் கேள்வி. கண்டிப்பாகப் பார்த்தால் சூழலியத்துக்குள் வராது. தேர்வில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

*

பழைய நாற்றுக்கூலி எழுதியது:

பாப்பா, நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் குந்தா மேலே நிற்கிற சீகையில் கொஞ்சம் என் கையால் நட்டது. அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

1984இல் எனக்குப் பதினேழு வயது. மேல்பவானி பக்கம் நாற்று நடும் கூலி வேலை கிடைத்தது. பிப்ரவரியில் குழி போட ஆரம்பிப்போம். மேஸ்திரி கயிற்றை இழுத்துப் பிடிப்பார். கயிற்றில் முடிச்சு முடிச்சாக இருக்கும், முடிச்சுக்கு ஒரு குழி. முதலில் புல்லைச் சதுரமாகச் சீவி எடுக்க வேண்டும். மழை நின்று ரெண்டு மாதம் ஆகியிருக்கும், காலையில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் புல் கட்டியைப் புரட்டினால் அடியில் வேர் கம்பளி மாதிரி பின்னிக் கிடக்கும். ரெண்டு கையாலும் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஒரு தரம் விளையாட்டாகப் பிழிந்து பார்த்தேன். விரல் மரத்துப்போகிற குளிர். அந்தத் தண்ணீர்தான் பள்ளத்துக்கு இறங்கிக் குந்தா ஆறாகிப் பவானிக்குப் போகிறது என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கட்டியைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனேன். ஜூன் மழையில் அந்தக் குழிகளில் சீகை நட்டோம்.

எதற்காக நட்டார்கள்? தோல் பதனிடுகிறவர்களுக்குப் பட்டை, ரேயான் நூலுக்கு மரக்கூழ், ஊருக்கு விறகு. வெள்ளைக்காரன் காலத்திலேயே புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள், அந்த எழுத்தை அப்புறமும் யாரும் அழிக்கவில்லை. மரம் நடுவது புண்ணியம் என்றுதான் நாங்களும் நம்பினோம்.

அதே வருஷம் நவம்பரில் எங்கள் மலைக்கு அந்தப் பக்கச் சரிவில், கேரளத்தில், சைலண்ட் வேலி என்கிற அமைதிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குந்திப்புழையில் அணை கட்ட இருந்ததை மக்கள் போராடி நிறுத்தினார்கள். ஒரே மலைத்தொடர்தான். அந்தப் பக்கம் காட்டைக் காப்பாற்றுகிறார்கள், இந்தப் பக்கம் நான் குழி போடுகிறேன். இது எனக்குப் பல வருஷம் கழித்து, என் மகள் கல்லூரியில் இருந்து கொண்டுவந்த புத்தகங்களை ராத்திரியில் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

அந்தப் போராட்டத்தைப் பார்த்தாலே உன் நான்கு தலைப்பில் பாதி புரிந்துவிடும், பாப்பா. சிங்கவால் குரங்குக்கு வேறு போக்கிடம் இல்லை, அதற்காகவே காடு நிற்கட்டும் என்று சிலர் போராடினார்கள். கேரளத்தின் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்காரர்கள் வேறு மாதிரி வந்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டும்தான், அதை யாருக்கு, எந்த வழியில் கொடுப்பது என்று கணக்குப் போட்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். காடு ஒன்றுதான், காரணம் வேறு. ரெண்டு பேரும் இல்லாவிட்டால் அந்தக் காடு இன்றைக்குத் தண்ணீருக்குள் இருந்திருக்கும்.

ஆசிரியர் ஐயா சொன்ன ஆர்னே நேஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. எழுதியதோடு நிற்காமல் 1970இல் தன் நாட்டில் மார்டோலா அருவியை அணைக்குக் கொடுக்கக் கூடாது என்று மற்றவர்களோடு போய் உட்கார்ந்தவர். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அந்த வழியைக் காந்தியிடம் கற்றவர், காந்தியைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வரையாட்டால் நமக்கு என்ன லாபம் என்று கேட்காதே என்கிறார் பார், அது எனக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. முக்கூர்த்தி பக்கம் ஒரு விடியற்காலையில் பாறை விளிம்பில் ஒரு தாய் ஆடும் குட்டியும் நின்று என்னைப் பார்த்தன. நான் அங்கே இல்லாவிட்டாலும் அவை அப்படித்தான் நின்றிருக்கும். அந்த நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அவரிடம் எனக்குப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கயிற்றை யார் பிடித்தது? புல்வெளியில் இந்த மலையின் பழங்குடிகளான தோடரின் எருமை மேய்ந்தது. கோயில் கூரை வேய அவர்கள் குறிப்பிட்ட புல்லை இந்த வெளியில்தான் எடுப்பார்கள். இங்கே சீகை நடலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கூலிக்காரன் என்னிடமும் கேட்கவில்லை. அமெரிக்காவில் மறே புக்சின் என்று ஒருவர், சமூகச் சூழலியல் என்ற போக்கை வளர்த்தவர். மனிதன் மனிதனை அடக்கப் பழகிய பிறகுதான் இயற்கையையும் அடக்கலாம் என்ற எண்ணம் வந்தது என்பது அவர் வாதம். ஆழச் சூழலியலாரோடு 1987இல் பெரிய சண்டையே போட்டார். ‘மனித இனம்’ மலையை அழித்தது என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் கயிறு பிடித்தவனும் குழி போட்டவனும் எருமையை ஓட்டிக்கொண்டு போனவனும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்று நான் அவரைப் புரிந்துகொள்கிறேன். இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

நம் ஊர் ஆளையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து கடைசிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா. 1940களில் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதினார். ஓடுகிற தண்ணீரை எடுத்துப் பிழைப்பது ஒரு விதம், சேர்த்து வைத்ததைத் தோண்டித் தீர்ப்பது இன்னொரு விதம் என்று பிரித்தார். தேனீ தேன் எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தமும் சேர்க்கிறது, மனிதன் அந்த அளவுக்காவது வர வேண்டும் என்றார். நேஸுக்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னால். உன் பாடத்தில் இவர் பெயர் இல்லை என்றால் நீயே எழுதிச் சேர்.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். சில வருஷமாக நான் சீகை பிடுங்கும் வேலைக்குப் போகிறேன். அனுபவத்தில் சொல்கிறேன், நாற்றுக்காரத் தம்பி நினைப்பது போல ஒரே மூச்சில் வெட்டினால் புல் வராது. சீகை விதை மண்ணுக்குள் ஐம்பது வருஷம்கூடச் சாகாமல் கிடக்கும். மரத்தைச் சாய்த்து வெயில் பட்டாலோ, தீ ஓடினாலோ, உட்கார இடமில்லாமல் கன்று முளைக்கும். நான் பார்த்த ஒரு சரிவில் வெட்டின மறு வருஷம் பழையதைவிட அடர்த்தி. பழைய சீகைத் தோப்பு சிலவற்றில் நிழலுக்குள் சோலைக் கன்றுகள் தானாக வந்திருக்கின்றன. நாவல் வகைகளை நானே பார்த்தேன். அங்கே மேலே நிற்கிற சீகையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கீழே இருக்கிற கன்று கருகிப்போகும். பங்களாக்காரர் சொன்னதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. புல்வெளி மண்ணுக்குள் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது, மேலே மரமாக நின்றால்தான் கணக்கு என்பதில்லை. தண்ணீரையும் அவர் சேர்க்கவில்லை.

ஆக இது சரிவு சரிவாக, பத்து இருபது வருஷம், வருஷா வருஷம் கன்று பிடுங்குகிற வேலை. இயந்திரம் ஏறாது. திட்டக் காசு மூணு வருஷத்தில் முடிந்துவிடும், ஊட்டியில் இருந்து வருகிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். யார் இருப்பார்கள்? வாரா வாரம் சனிக்கிழமை அந்த மலை ஏறுகிறவர்கள். எந்தச் சரிவில் கன்று முளைத்திருக்கிறது, எங்கே ஊற்று வற்றியது, காட்டெருமை எந்தத் தடத்தில் இறங்குகிறது, எல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியும். ஆசிரியர் ஐயா மன்னிக்கணும், அந்தக் கூட்டத்தில் மலையைப் பற்றித் தெரிந்து பேசின ஒரே ஆள் அந்த அம்மாதான். அவரை வெளியே வைத்துவிட்டு எந்தச் சூழலியம் அந்த மலையில் நிற்கும்?

*

கூடலூர் அக்கா எழுதியது:

தங்கச்சி, மேலே நாற்றுக்கூலிப் பெரியவர் சொன்னதோடு ரெண்டு விஷயம்.

1989இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா அமெரிக்க ஆழச் சூழலியலை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார், தேடிப் படி. மனிதர் இல்லாத தூய காடு என்ற எண்ணத்தை அப்படியே எடுத்து வந்து மக்கள் நெருங்கி வாழ்கிற நம் நாட்டில் வைத்தால், அது ஏழையிடம் இருந்து பணக்காரனுக்கு வளத்தை மாற்றிக் கொடுப்பதாக முடியும் என்றார். புலித் திட்டத்தையே உதாரணமாகக் காட்டினார். பிறகு அவரும் ஹுவான் மார்ட்டினஸ் அலியரும் ஏழைகளின் சூழலியம் என்று ஒரு தனிப் போக்கையே அடையாளம் காட்டினார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் இயற்கை மேல் அக்கறை வரும் என்ற பேச்சு பொய் என்பதற்கு, இமயமலைக் கிராமங்களில் மரம் வெட்டுவதைத் தடுக்க 1973இல் தொடங்கிய சிப்கோ இயக்கம் போதும். மறு வருஷம் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தது விறகும் தீவனமும் தண்ணீரும் தங்கள் தலையில் இருந்ததால்தான். சூழல் பெண்ணியம் என்ற சொல்லை பிரெஞ்சுக்காரர் பிரான்சுவாஸ் தொபோன் 1974இல் எழுதினார், அதே வருஷம். விறகு உங்கள் வீட்டில் ஏன் அம்மாவின் வேலையாக இருக்கிறது, அப்பாவுடையதாக இல்லை என்றும் அந்த அலகில் ஒரு கேள்வி வை. பெண்ணுக்கு இயற்கையோடு பிறவிப் பாசம் என்று சொல்லும் கிளையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அது பாசம் இல்லை, சுமை.

பெரியவர் நேஸை மதிப்பதாகச் சொன்னார். என்னால் அவ்வளவு தாராளமாக இருக்க முடியவில்லை. புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வளர்ந்தவள் நான். 2007இல் முதுமலை அறிவிக்கப்பட்ட பிறகு, ‘காட்டுக்கு நல்லது’ என்ற ஒரு சொல் எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்தது என்று பார்த்திருக்கிறேன். யானைக்கு வழி வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையே கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கிராம சபையைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று, அமெரிக்கச் சூழலியல் அறிஞர் கெரட் ஹார்டின் போன்றவர்கள் ‘படகில் இடமில்லை, ஏழைகளை ஏற்றாதே’ என்கிற அளவுக்குப் போனார்கள். பச்சை நிறத்தில் அதுவும் வரும், பார்த்து நட.

*

ஊட்டி ஆசிரியர் எழுதியது:

இருவரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ‘சூழலியத்துக்குள் வராது’ என்று நான் எழுதியது தவறு. பாடநூலின் வரையறையை அப்படியே ஊர்க்கூட்டத்தின் மேல் வைத்துவிட்டேன். வாழ்வாதாரமும் முடிவெடுக்கும் உரிமையும் சூழலியத்தின் ஒரு பெரிய கிளையின் மையமே. டாப்சனின் பிரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கார்பன் கணக்கை மட்டும் பேசுகிற குரலை அடையாளம் காண அது உதவும்.

இதை நீங்கள் விடையில் சேர்க்கலாம். ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1980இல் சூழல், சமூக நீதி, அடித்தள மக்களாட்சி, வன்முறையின்மை என்ற நான்கு தூண்களோடு தொடங்கியது. 1983இல் 27 இடங்களோடு நாடாளுமன்றம் போனது. போன உடனே கொள்கையில் இம்மியும் விடக்கூடாது என்பவர்களும் ஆட்சியில் பங்கெடுத்துச் சிறிதாவது சாதிப்போம் என்பவர்களும் பிரிந்தார்கள். உங்கள் சமுதாயக் கூடத்தில் நடந்ததும் அந்த நான்கு தூண்களுக்குள் நடந்த சண்டைதான். முதல் தூணின் பெயரால் மூன்றாவதை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

*

குந்தா மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, சார், மூவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்றுக்கூலி ஐயா புல் கட்டியைப் பிழிந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். சின்ன வயதில் எங்கள் பாட்டியும் அதே மாதிரி பிழிந்து காட்டியிருக்கிறாராம், எனக்கு இதுவரை சொன்னதே இல்லை. ஊற்று எந்த வருஷத்தில் இருந்து கோடையில் நிற்க ஆரம்பித்தது என்றும் சொன்னார். சீகை தலைக்கு மேல் வளர்ந்த பிறகுதான். நான் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டம் இருபது நாளில். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்கிறார், வெறும் கேள்வியோடு போனால் மறுபடியும் உட்காரச் சொல்லிவிடுவார்களாம். ஐயா, என்ன கேட்கலாம்?

*

பழைய நாற்றுக்கூலி எழுதியது:

மூணு கேட்கச் சொல்லு. முதலாவது, எந்தச் சரிவை எந்த வருஷம் வெட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே ஊருக்குத் தர வேண்டும். ஊருக்குப் பக்கத்துச் சரிவைக் கடைசியில் வைத்தால் விறகு உடனே நிற்காது. ரெண்டாவது, வெட்டுகிற மரத்தில் கொம்பும் சுள்ளியும் ஊருக்கு, அதை எழுத்தில். மூணாவது, கன்று பிடுங்கும் வேலை வெளியாளுக்குப் போகாமல் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு, கூலி சரியாகப் பேசி. அந்த அக்கா சொன்ன கிராம சபைத் தீர்மானமாகவே போட்டுவிட்டால் நல்லது. ஊற்றுக் கணக்கையும் அம்மாவே வாசிக்கட்டும், நீ வாசிக்காதே. பக்கத்து மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருப்பவர்களையும் போய்க் கூப்பிடு. அவர்கள் வெளி அது.

அப்புறம் கோடை மழை ரெண்டு பெய்ததும் ஒரு நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு நாங்கள் வேலை செய்யும் சரிவுக்கு வா. மண் ஈரமாக இருக்கும்போது கன்று வேரோடு வரும், காய்ந்தால் தண்டு முறிந்து வேர் உள்ளேயே நின்று மறுபடி தழையும். முழங்கால் உயரத்துக்குள் இருப்பதைத்தான் கையால் பிடுங்க முடியும். தண்டை அடியில் பிடித்து மெதுவாக ஆட்டி நேராக இழுக்கணும். கம்பளி உடுப்பு எடுத்து வாருங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும்.